யாருடைய ஒழுக்கத்துக்குச் சட்டம்?

(வேலூரில் நடந்த ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம்.

எனக்கு முன் பேசிய ஐயா, "பயம் இருந்தால்தான் ஒழுக்கம் இருக்கும், அந்தப் பயத்தைச் சட்டம்தான் கொடுக்கணும்" என்று முடித்தார். கைதட்டலும் பலமாகக் கிடைத்தது. அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் அந்தக் கருத்தை மறுக்கத்தான் எழுந்து நிற்கிறேன்.

வேலூரும் சேர்ந்திருந்த நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ராஜாஜி 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அடுத்து சித்தூர், கடப்பை. 1939இல் வட ஆற்காடு. போன சாராய வருமானத்தை ஈடுகட்ட அதே 1939இல் விற்பனை வரியும் வந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971இல் கடையைத் திறந்தார்கள், சில வருஷத்திலேயே மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள். இன்றைக்கு டாஸ்மாக் கடை நடப்பதும் அந்த 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தின் கீழேதான்.

இத்தனைக்கும் நடுவில் மலையில் என்ன நடந்தது? பேரணாம்பட்டுப் பக்கம் சாத்கர் மலை, அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலை என்று நம் ஊர்ப் பெயர்கள் பேப்பரில் வருவதே பெரும்பாலும் ஊறல் அழிப்புச் செய்தியில்தான். வெல்லமும் மரப்பட்டையும் போட்ட ஊறலைப் போலீஸ் கொட்டிக் கவிழ்க்கும். கொஞ்ச நாளில் வேறொரு ஓடைக்கரையில் அடுப்பு எரியும். லாரி டியூபில் நிரப்பிய சரக்கு கீழே இறங்கிவிடும். கடை மூடியிருந்த காலத்திலும் காய்ச்சினார்கள், திறந்திருக்கும் காலத்திலும் காய்ச்சுகிறார்கள். 2024இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தார்கள்.

குடி கெடுதல் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. குடிகாரன் வீட்டுப் பெண்ணிடம் கேளுங்கள். "அவரு குடிக்கிறது பாவம்" என்று அந்த அம்மா சொல்லமாட்டார். "கூலிய மொத்தமா அழிச்சிட்டு வந்து என்னையும் புள்ளைங்களையும் போட்டு அடிக்கிறாரு" என்பார். குடும்ப வன்முறைக்கு எதிராக 2005லேயே சட்டம் வந்தாயிற்று. ஆனால் முகம் வீங்கி ஸ்டேஷன் படியேறும் பெண்ணிடம், "இது குடும்ப விஷயம்மா, சமாதானமாப் போங்க" என்று சொல்லி அனுப்புவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பாட்டில் வைத்திருந்தவன்மேல் வழக்கு உண்டு. அடித்தவனுக்குப் புத்திமதி மட்டும்தான். எனக்குப் பொறுக்காதது இதுதான். அடி விழுகிற வீட்டுக்குள் சட்டம் கட்டாயம் நுழையவேண்டும்.

ஒழுக்கம், கட்டுப்பாடு, ஊர் வழக்கம் என்றெல்லாம் பேசுகிறோமே, அது யார் வகுத்தது? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது அது நம் வேலூர் மாவட்டம். இறந்துபோன ஒரு தலித்தின் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக, வயல் வழியாகப் பாதை கிடைக்கவில்லை. பாலாற்றுப் பாலத்தின் மேலே நின்று, பாடைக்குக் கயிறு கட்டி இறக்கினார்கள். கீழே நின்றவர்கள் கை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். வீடியோ வெளியே வந்து நாடே பார்த்தது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. பாதையை மறித்தவர்களைக் கேட்டால், தாங்கள் ஒழுக்கங்கெட்ட காரியம் செய்ததாக ஒப்புக்கொள்வார்களா? வழக்கம் என்றுதான் சொல்வார்கள். தீண்டாமையை ஒழித்த, அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு அப்படிப்பட்ட வழக்கத்துக்கு எதிராக எழுதியது. ஊரில் ஓட்டெடுப்பு நடத்தி அதைக் கொண்டுவந்திருக்க முடியுமா?

"அதுவும் ஒரு ஒழுக்க நம்பிக்கையைச் சட்டம் போட்டுத் திணிப்பதுதானே" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. என்னைப் பொறுத்தவரை அளவுகோல் ஒன்றே ஒன்று: பாதிக்கப்பட்ட ஆள் யார் என்று கைகாட்ட முடியவேண்டும். நாராயணபுரத்தில் முடிகிறது. அடிவாங்கிய மனைவி விஷயத்தில் முடிகிறது. மனமொத்த இரண்டு பெரியவர்கள் சேர்ந்து வாழ்வதில் யாரைக் காட்டுவீர்கள்? தன்பாலின உறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவை அந்த அளவுக்கு உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் செல்லாது என்றது. பிறர் மனைவியோடு உறவு கொள்வதைக் குற்றமாக்கிய 497ஐயும் அதே மாதம் ரத்து செய்தது. அந்த 497ஐப் படித்துப் பாருங்கள். கணவன் சம்மதித்தால் மனைவி இன்னொருவரோடு உறவு கொள்வது குற்றமில்லை. கணவன் இன்னொருத்தியிடம் போனால் மனைவி வழக்குப் போட முடியாது. குடும்ப ஒழுக்கத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்ட அந்தச் சட்டம் பெண்ணைக் கணவனின் சொத்தாக வைத்திருந்தது.

லாட்ஜில் அறை கேட்டு நிற்பவர்களை "நீங்க புருஷன் பொண்டாட்டியா?" என்று விசாரிக்கிற பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருமணமாகாத இருவர் ஓர் அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என 2019இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆனால் பதினைந்து வயசுப் பெண்ணுக்கு மண்டபம் பிடித்துத் தாலி கட்டுகிறார்களே, அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறோம். 1929இல் குழந்தை மணத்தைத் தடுக்கச் சாரதா சட்டம் வந்தபோது பெண்ணுக்குப் பதினாலு வயசு என்று வைத்தார்கள். அதற்கே மதம் கெட்டுப்போகும் என்று எதிர்த்தார்கள். இப்போது பதினெட்டு. அந்தப் பெண்ணால் ஸ்டேஷனுக்கு வரமுடியாது, வக்கீல் வைக்கவும் முடியாது. அவளுக்காக நாம்தான் பேசவேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098. உங்கள் பெயரைச் சொல்லவேண்டியதில்லை. எந்த மண்டபம், முகூர்த்தம் என்றைக்கு, அதைச் சொன்னால் போதும். இந்த முகூர்த்த மாதத்திலேயே சொல்லுங்கள்.