சாப்பாட்டு வட்டத்தில் ஓர் இடம்

வணக்கம் நேயர்களே. பள்ளியில் பிள்ளைகள் சக பிள்ளையைச் சீண்டுவதையும் ஒதுக்குவதையும் பற்றி இன்று பேசுவோம்.

சின்னப் பிள்ளைகள் காலையில் ‘கா’ விடுவார்கள், சாயங்காலத்துக்குள் ‘பழம்’ விட்டுவிடுவார்கள். பெரிய வகுப்புகளுக்குப் போகப் போக இந்தக் ‘கா’ மாறிவிடுகிறது. “அவகிட்ட யாரும் பேசாதீங்கடி” என்று ஒருத்தி சொல்கிறாள். மறுநாள் மதியம் சாப்பாட்டு வட்டத்தில் அவளுக்கு இடம் இல்லை. அடி இல்லை, திட்டு இல்லை. “நாங்க ஒண்ணுமே பண்ணலையே மிஸ்!” பின்லாந்தில் லாகர்ஸ்பெட்ஸ், பியோர்க்விஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1988-லேயே இதை மறைமுக வன்முறை என்று எழுதினார்கள். காயம் தெரியாததால் நாம் கவனிப்பதில்லை. டிபன் பாக்ஸ் தொடாமலே திரும்பி வருகிறதா, தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே இருக்கிறதா என்று பாருங்கள். தனியாகக் கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் உண்டு. ஞாயிறு சாயங்காலம் மட்டும் வரும் வயிற்று வலியையும் குறித்துவையுங்கள்.

பையன்களிடம் இது பட்டப்பெயராக வரும். நிறம், உடம்பு, நடை, திக்குவாய், நம் ஊரில் சாதியும். “சும்மா விளையாட்டுக்கு சார்” என்பார்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அவன் திருப்பி இவனுக்குப் பேர் வைத்தால் இவனும் சிரிப்பானா? மாட்டான் என்றால், அதுவும் தினமும் நடக்கிறது என்றால், அது விளையாட்டில்லை.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, சுற்றி நிற்பவர்களைப் பற்றி. சீண்டுகிறவனுக்கு அவர்கள் சிரிப்புதான் கூலி. கனடாவில் தொடக்கப்பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டார்கள். சக பிள்ளை ஒன்று குறுக்கே போனபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை பத்தே விநாடியில் சீண்டல் நின்றிருக்கிறது. பத்தே விநாடி! ஆனால் அப்படிக் குறுக்கே போனது ஐந்தில் ஒரு தடவைதான்.

ஆசிரியர்களே, இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி “கை குலுக்குங்க” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பயந்த பிள்ளை அங்கே உண்மையைச் சொல்லாது; வெளியே போனதும் “போட்டுக்கொடுத்தியா?” என்று இன்னொரு அடி விழும். முதலில் பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். பிறகு சீண்டியவர்களை ஒவ்வொருவராக அழையுங்கள். கூட்டமாக அழைத்தால் ஒரே கதையைச் சொல்வார்கள். அப்புறம் வகுப்பில் மதிப்புள்ள இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு, “நல்லா நடந்துக்கோங்க” என்று பொதுவாகச் சொல்லாமல், “நாளைக்கு மதியம் அவளைப் பக்கத்துல உட்கார வச்சுக்கோங்க” என்று குறிப்பாகச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்குள் மறுபடி விசாரியுங்கள். பின்லாந்துப் பள்ளிகளில் சீண்டலைத் தடுக்கும் ‘கிவா’ திட்டம் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. அந்த மறுவிசாரணையை விட்டால் எல்லாம் பழையபடிதான்.

நேரம் நெருங்குகிறது. வாட்ஸ்அப் குழுவில் நடப்பதை விரிவாகப் பேச நினைத்திருந்தேன். இதை மட்டும் சொல்கிறேன்: அழிக்கும் முன் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், போனைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் அடுத்த தடவை பிள்ளை சொல்லாது. உதவிக்குக் குழந்தைகள் எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் எண் 14417. வணக்கம்.