பெயரில் ஒரே ஓர் இடைவெளி, கோப்பு காலி! எக்ஸ்ஆர்க்ஸ் செய்யும் வேலை

[திரையில்: கருப்பு முனையம்]

வணக்கம். பழைய நகல்களைத் துடைக்க நான் அடித்த ஒரே வரி, என் நடப்புக் கணக்குக் கோப்பை அழித்துவிட்டது. எப்படி என்று காட்டுகிறேன்.

பின்னணி சுருக்கமாக. லினக்ஸில் ஒரு கட்டளைக்குத் தரும் பெயர்ப் பட்டியலுக்கு உச்ச அளவு உண்டு. வழக்கமாக 2 எம்பி. மீறினால் 'பட்டியல் மிக நீளம்' என்று மறுத்துவிடும். ஒரே லாரியில் ஏறாத நெல் மூட்டைகளை நாலு நடையாகக் கொண்டுபோவதுபோல, எக்ஸ்ஆர்க்ஸ் என்ற கருவி பட்டியலைக் கட்டுக்கட்டாகப் பிரித்து, அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டும். அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: இரண்டு கோப்புகள்]

ஒன்றின் பெயர் 'கணக்கு'. இன்னொன்று 'கணக்கு 2019.பேக்'. '.பேக்' என்று முடிபவற்றை, அதாவது பழைய நகல்களை, ஃபைண்ட் என்ற கட்டளை தேடி எக்ஸ்ஆர்க்ஸிடம் தருகிறது; அது, கோப்பை அழிக்கும் கட்டளையான ஆர்எம்மை அழைக்கிறது. நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள்! எக்ஸ்ஆர்க்ஸ் அந்த இடத்தில் பெயரை வெட்டிவிடுகிறது. ஆர்எம்முக்குப் போவது 'கணக்கு', '2019.பேக்' என்ற இரண்டு பெயர்கள். முதலாவது சத்தமில்லாமல் அழிகிறது. இரண்டாவதற்கு மட்டும் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று செய்தி வருகிறது. அழிக்க நினைத்த கோப்போ அப்படியே இருக்கிறது!

வரிக்கு ஒரு பெயர் என்று பிரித்தால் போதாதா? போதாது. லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகை அமைப்புகளில் கோப்புப் பெயருக்குள் புதுவரிக் குறியே வரலாம். மேற்கோள் குறியும் வரலாம். பெயரில் வரக்கூடாதவை இரண்டே: சாய்கோடும், மதிப்பு பூஜ்யமாக உள்ள பைட்டும். ஆனால் கோப்புறைப் பெயர்களோடு சேர்த்து எழுதும் பாதையில் சாய்கோடு வந்தே தீரும். ஆக, பிரிப்பதற்கு மிஞ்சுவது பூஜ்யம் ஒன்றுதான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தமிழில் பெயர் வைத்தாலும் கவலையில்லை: எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், அவற்றில் ஒன்றுகூடப் பூஜ்யம் அல்ல.

அதனால் ஃபைண்டுக்கு 'ஹைஃபன் பிரிண்ட்0', எக்ஸ்ஆர்க்ஸுக்கு 'ஹைஃபன் 0'. இரண்டையும் சேர்த்தே போடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் பயனில்லை.

எக்ஸ்ஆர்க்ஸுக்கு 'ஹைஃபன் பி 4' (பெரிய எழுத்துப் பி) போட்டால் நான்கு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். படங்களைச் சுருக்க அருமையானது. அதற்குத் தனி வீடியோ வேண்டுமென்றால் கீழே எழுதுங்கள்.

இன்றே ஒன்று செய்து பாருங்கள். ஆர்எம்மை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எக்கோ; அது பெயரைத் திரையில் காட்டுமே தவிர எதையும் அழிக்காது. எக்ஸ்ஆர்க்ஸுக்கு 'ஹைஃபன் என் 1' (சிறிய எழுத்து என்). வரிக்கு ஒரு பெயராக வரும்.

[திரையில்: முதல் வரி 'கணக்கு', அடுத்த வரி '2019.பேக்']

உங்கள் திரையிலும் ஒரு பெயர் இப்படி இரண்டாக உடைந்து வந்தால், ஆர்எம்மைத் தொடாதீர்கள்.