எண்பது ரன்னில் ஓர் உலகக் கோப்பை

(பெங்களூரு அல்சூரில், கிரிக்கெட் ஆடும் பெண்பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் தமிழில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டு ஸ்கோர்களைச் சொல்லித் தொடங்குகிறேன். 2023 ஜனவரி 29, தென் ஆப்பிரிக்காவின் போச்செஃப்ஸ்ட்ரூம். பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்கான முதல் டி20 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். இங்கிலாந்து 17.1 ஓவரில் 68 ரன்னுக்கு ஆல் அவுட். 2025 பிப்ரவரி 2, மலேசியாவின் பயுமாஸ் ஓவல். இரண்டாவது உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். தென் ஆப்பிரிக்கா 20 ஓவரில் 82 ரன்னுக்கு ஆல் அவுட். இரண்டு முறையும் கோப்பை இந்தியாவுக்கு வந்தது.

68, 82. இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் டிவியில் பார்ப்பது 200 அடித்தாலும் போதாத ஐபிஎல். அதைப் பார்த்துவிட்டு நெட்டுக்குப் போகிற பெண், முதல் பந்திலிருந்தே தூக்கி அடிக்கப் பழகுகிறாள். பெற்றோரும் சிக்ஸருக்குத்தான் கை தட்டுகிறோம். அவள் ஆடப்போகிற உலகக் கோப்பையின் கணக்கே வேறு. அங்கே 110 ரன் அடித்தால் பெரும்பாலும் பாதி ஜெயித்தாகிவிட்டது.

2025இல் இந்தியா ஆடிய ஏழு ஆட்டங்களையும் வரிசையாகப் பாருங்கள். எதிரணிகள் எடுத்தது: மேற்கிந்தியத் தீவுகள் 44, மலேசியா 31, இலங்கை 58, வங்கதேசம் 64, ஸ்காட்லாந்து 58, இங்கிலாந்து 113, தென் ஆப்பிரிக்கா 82. நூறைத் தாண்டியது இங்கிலாந்து மட்டும். இலங்கையை எதிர்த்து நாமே 118தான் எடுத்தோம். 60 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம். ஸ்காட்லாந்துக்கு எதிராக நம் தொடக்க ஆட்டக்காரர் த்ரிஷா 59 பந்தில் 110 அடித்து, அணி 208 எடுத்தது உண்மைதான். அது அந்தத் தொடரின் விதிவிலக்கு.

இவ்வளவு குறைவாக எதிரணிகள் சுருண்டது யாரால்? வைஷ்ணவி ஷர்மா, ஆயுஷி சுக்லா, பருணிகா சிசோதியா. மூவரும் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர்கள். 17, 14, 10 என மூவரும் சேர்ந்து 41 விக்கெட். வைஷ்ணவி தன் முதல் உலகக் கோப்பை ஆட்டத்திலேயே மலேசியாவை எதிர்த்து நான்கு ஓவரில் 5 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார், ஹாட்ரிக்கோடு.

ஏன் இப்படி என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பெண்கள் கிரிக்கெட்டிலும் பிட்ச் அதே 22 கஜம்தான். பந்து இலேசானது: 140 முதல் 151 கிராம். ஆண்களின் பந்து 155.9 முதல் 163 கிராம். பவுண்டரி சுமார் 55 முதல் 64 மீட்டர். வேகமாக வரும் பந்தின் வேகத்தையே வைத்து ரன் எடுத்துவிடலாம், பேட்டைக் காட்டினாலே போதும். மெதுவாக வரும் பந்துக்கு வேகத்தை பேட்ஸ்மேன்தான் தன் தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் கொடுக்க வேண்டும். பதினாறு வயதில் அந்த வலு இன்னும் முழுசாக வந்திருக்காது. பந்து பேட்ஸ்மேனுக்கு அருகில் விழுந்து ஸ்டம்பை நோக்கி வரும்போது குறுக்கே வீசினால் போல்டு அல்லது எல்பிடபிள்யூ. காத்திருந்தால் டாட் பந்து, அதாவது ரன் இல்லாத பந்து. நான்கு டாட் சேர்ந்தால் ஐந்தாவது பந்தில் பொறுமை போய்விடும்.

இதே வீச்சாளர் பந்தைக் குட்டையாகப் போட்டால் கதை மாறிவிடும். பந்து எழுந்து நிற்கும், பேட்ஸ்மேன் பின்னால் நகர்ந்து மிட்விக்கெட்டில் இழுப்பார். 55 மீட்டரில் இருக்கும் பவுண்டரிக் கயிறு அதற்குத் தூரமே இல்லை. ஆகவே சுழற்பந்து வீசும் பிள்ளைக்கு முதல் பாடம் சுழல் இல்லை, நீளம், அதாவது பந்து விழும் இடம். பேட்ஸ்மேனின் ஸ்டம்பிலிருந்து நான்கு மீட்டர் வாக்கில் ஒரு துண்டை விரித்து வையுங்கள். 24 பந்து, அதாவது நான்கு ஓவர் வீசச் சொல்லுங்கள். எத்தனை பந்து துண்டிலோ அதற்குச் சற்று முன்போ விழுந்து ஸ்டம்பை நோக்கிப் போகிறது என்று நோட்டில் எழுதுங்கள். பாதியைத் தாண்டும் வரை கூக்ளி, தூஸ்ரா என்ற ஏமாற்றுப் பந்துகள் எதையும் தொட வேண்டாம்.

பந்தைப் பற்றி ஒன்று அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தவறு ஊர் முழுக்க நடக்கிறது. பெங்களூரில் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் பையன்களோடு ஒரே நெட்டில்தான் பயிற்சி செய்கிறார்கள். அது நல்லதுதான். ஆனால் கையில் கிடைப்பது பையன்களின் பந்து. அது சற்றுப் பெரியதும் கூட. சின்ன விரல்களுக்குத் தையல் முழுசாகப் பிடிபடாது. பிள்ளை பந்தை உள்ளங்கைக்குள் தள்ளிப் பிடிக்கப் பழகிவிடுவாள். பிறகு தேர்வு முகாமில் இலேசான பந்தைக் கொடுத்தால் அது கையை விட்டுச் சீக்கிரம் கழன்று, தரையில் படாமலே புல்டாஸாகப் போகும். கடையில் 142 கிராம் என்று கேட்டால் பெண்களுக்கான பந்து கிடைக்கும். வாரத்தில் பாதி நாளாவது அதில் வீசட்டும். பேட்டும் அப்படித்தான். அண்ணன் பேட், அப்பா பேட் வேண்டாம். கைப்பிடியின் மேல்பகுதியைப் பிடிக்கும் கையால் மட்டும் தூக்கி, கையை நேராக நீட்டிச் சில நொடி நடுங்காமல் பிடிக்க முடியவில்லை என்றால் அது அவளுக்குக் கனம்.

அடுத்தது ஓட்டம். 80 ரன் ஆட்டத்தில் பத்து ரன் என்பது எட்டில் ஒரு பங்கு. ஒரு கிரீஸிலிருந்து மறு கிரீஸுக்கு 17.68 மீட்டர். இரண்டாவது ரன்னுக்குத் திரும்பும்போது நம் பிள்ளைகள் பலர் காலைக் கிரீஸுக்குள் வைத்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். வேண்டாம். கடைசி இரண்டு காலடியில் உடம்பைத் தாழ்த்தி, பேட்டை ஒரு கையில் நீட்டித் தரையோடு இழுத்துக்கொண்டு வந்து, பேட்டின் முனை கோட்டைத் தாண்டியதும் பந்து இருக்கும் பக்கம் முகம் வைத்துத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு திரும்பலிலும் ஒரு மீட்டருக்கு மேல் மிச்சம். திரும்பும்போது முட்டி உள்பக்கம் மடிகிறதா என்று பயிற்சியாளர் பார்க்க வேண்டும். முட்டியின் உள் தசைநார் கிழிவது பெண்பிள்ளைகளுக்கு அதிகம். ஒரு காலில் உட்கார்ந்து எழுதல், குதித்து மெத்தென்று இறங்குதல், இவை தினமும் பத்து நிமிடம். நேரமில்லை என்று விடக்கூடாத பத்து நிமிடம் இது.

ஃபீல்டிங்கும் அதே கணக்குத்தான். 2023 இறுதி ஆட்டத்தில் அர்ச்சனா தேவி கவர் பக்கம் பாய்ந்து ஒற்றைக் கையில் பிடித்த கேட்சைத் தேடிப் பாருங்கள். 

போட்டியின் அமைப்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். 16 அணிகள், நான்கு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று அணிகள் சூப்பர் சிக்ஸ் என்ற அடுத்த சுற்றுக்குப் போகும். தன்னோடு சேர்ந்து முன்னேறிய அணிகளிடம் எடுத்த புள்ளியும் ரன்ரேட்டும் கூடவே வரும். ரன்ரேட் என்பது நாம் ஓவருக்கு எடுத்த ரன்னிலிருந்து எதிரணி ஓவருக்கு எடுத்ததைக் கழித்தால் வருவது. இந்தக் கணக்கில் பலரும் தடுமாறுவார்கள். மேற்கிந்தியத் தீவுகள் 13.2 ஓவரில் 44க்கு ஆல் அவுட். ஆல் அவுட் ஆனதால் அவர்கள் கணக்கில் 13.2 இல்லை, முழு 20 ஓவரால் வகுக்க வேண்டும்: 2.2. இந்தியா 4.2 ஓவரில் 47 எடுத்தது. 4.2 என்றால் 26 பந்து, தசமத்தில் 4.333. வகுத்தால் 10.846. இரண்டுக்கும் வித்தியாசம் 8.646. ஒரே ஆட்டத்தில் இவ்வளவு.

மழையும் ஓர் எதிரணி. 2025 ஜனவரியில் மலேசியாவின் சரவாக்கில் பல ஆட்டங்கள் நீரில் போயின. அங்கே 13 ஓவராகக் குறைக்கப்பட்ட ஆட்டத்தில் நைஜீரியா 65 எடுத்து, நியூசிலாந்தை 2 ரன்னில் தோற்கடித்தது. ஓவர் குறையக் குறையப் பெரிய அணி சின்ன அணி என்ற இடைவெளியும் குறைந்துவிடும். ஆறு ஓவர், எட்டு ஓவர் ஆட்டங்களையும் பயிற்சியில் ஆட வேண்டும்.

இப்போது நம் கையில் இருக்கும் விஷயம்: காகிதங்கள். 2025 அணியின் தலைவி நிக்கி பிரசாத் இந்தக் கர்நாடகத்துப் பெண். அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 56 அடித்த விக்கெட் கீப்பர் கமலினி தமிழ்நாட்டுப் பெண். அதற்கு முந்தைய டிசம்பரில் இதே பெங்களூரில் நடந்த டபிள்யூபிஎல் (பெண்களுக்கான ஐபிஎல்) ஏலத்தில் அவரை மும்பை அணி 1.6 கோடி ரூபாய்க்கு எடுத்தது. இரண்டு மாநிலத்திலும் வழி இருக்கிறது. உங்கள் பிள்ளை எந்த மாநிலத்துக்கு ஆடுவாள் என்பதைப் பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் முகவரியும்தான் சொல்லும். நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல்: இனிஷியல். பிறப்புச் சான்றில் வெறும் பெயர், ஆதாரில் முன்னால் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகக் கடைசிப் பெயராக. மூன்றும் மூன்று ஆள் மாதிரி தெரியும். பிள்ளை பன்னிரண்டு வயதாகும்போதே ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். பதினைந்து வயதுக்குட்பட்டோர் பிரிவில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்ப்பார்கள். பிறந்த தேதியை மாற்றி எழுதுவது பிள்ளையின் பெயரைக் கெடுக்கும். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

கடைசியாக, பிறந்த தேதி. 2023 உலகக் கோப்பைக்கு 2003 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். 2025க்கு 2005 செப்டம்பர் 1. போட்டி இரண்டாண்டுக்கு ஒரு முறை. அடுத்தது 2027இல் வங்கதேசத்திலும் நேபாளத்திலும். அதே கணக்கு நீடித்தால் 2007 செப்டம்பர் 1. குறைந்தபட்ச வயது 15. இதன்படி இனி எஞ்சியிருப்பது சிலருக்கு ஒரு வாய்ப்பு, சிலருக்கு இரண்டு, சிலருக்கு மூன்று. 2005 டிசம்பரில் பிறந்த த்ரிஷா 2023, 2025 இரண்டிலும் ஆடினார். முதல் முறை இறுதி ஆட்டத்தில் 24, இரண்டாம் முறை ஆட்டமிழக்காமல் 44, மூன்று விக்கெட், தொடர் நாயகி விருது. வீட்டுக்குப் போனதும் பிறப்புச் சான்றை எடுத்து, உங்கள் பிள்ளைக்கு ஒன்றா இரண்டா மூன்றா என்று எண்ணிப் பாருங்கள். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், மாநிலத் தேர்வுக்கு இன்னும் எத்தனை மாதம் என்பது தெரிந்துவிடும்.