ஒரே இடத்துல மூணு பஞ்சர்! மினி டிராக்டர் டயருக்குள்ள ஒளிஞ்சிருந்த முள்ளு

[திரையில்: உள்ளங்கையில் ஒரு சீமைக் கருவேல முள், பக்கத்தில் தீக்குச்சி]

இந்த முள்ளைப் பாருங்க. தீக்குச்சி நீளம்தான் இருக்கும். பத்து நாள்ல மூணு தடவை எங்க மினி டிராக்டரோட முன் சக்கரத்தைக் கழட்ட வெச்சது இதோட கூட்டாளிதான். மூணாவது தடவை டியூப்பை வெளிய எடுத்தா, புது ஓட்டை பழைய ஒட்டுக்கு ஒரு விரக்கடை தள்ளி இருக்கு! அப்பாவுக்குக் கோவம் வந்து, பஞ்சர் கடை அண்ணன்கிட்ட "என்னப்பா ஒட்டுற?"ன்னு கேட்டுட்டாரு. பாவம், அவர் ஒட்டுனதுல ஒரு குறையும் இல்ல. முள்ளு டயருக்குள்ளயே இருந்திருக்கு.

வணக்கம் மக்களே. எங்க ஊரு பரமக்குடி பக்கம். கண்மாய்க் கரை, வரப்பு, ஓடைன்னு எங்க திரும்பினாலும் சீமைக் கருவேலம். மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கத்து மரம் இது, 19-ஆம் நூற்றாண்டுல இந்தியாவுக்குள்ள வந்தது. வேலியை வெட்டி இழுத்துட்டுப் போன தடத்துல உதிர்ந்த முள்ளு, காஞ்சதும் ஆணி மாதிரி ஆயிடும்.

அந்த முள்ளு டயர்ல ஏறினதும் என்ன நடக்குதுன்னு பாருங்க, இதுதான் முக்கியம். வண்டி தார் ரோட்டுல ஓட ஓட, வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற பாகம் ஒடிஞ்சு தேய்ஞ்சுடும். வெளியிலேர்ந்து பார்த்தா டயர் சுத்தமா இருக்கும். உள்பக்கம் மட்டும் நுனி ரெண்டு மில்லிமீட்டர் எட்டிப் பார்த்துக்கிட்டு இருக்கும். நீங்க டியூப்பை ஒட்டி, உள்ள போட்டு, காத்தடிச்சதும் டியூப் போய் அந்த நுனி மேலயே அழுந்தும். அப்புறம் ஒரு நாள் தாங்கும், ரெண்டு நாள் தாங்கும்.

[திரையில்: டயர் ஓரத்தில் சாக்பீஸ் கோடு]

அதனால டியூப்பை உருவுறதுக்கு முன்னாடி, வால்வு நிக்கிற இடத்துக்கு நேரா டயர் மேல சாக்பீஸ்ல ஒரு கோடு போடுங்க. டியூப்போட வெளிப்பக்கம் எதுன்னும் ஒரு அடையாளம். இந்த ஒரு கோட்டை மட்டும் மறக்காதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கிறேன். டியூப்பைத் தொட்டித் தண்ணியில முக்கி, முட்டை விடுற இடத்தைக் கண்டுபிடிங்க. வால்வுலேர்ந்து அது எத்தனை சாண்னு அளங்க. அதே அளவை டயர்ல சாக்பீஸ் கோட்டுலேர்ந்து அளந்தா, முள்ளு இருக்கிற இடம் உங்க கைக்குள்ள வந்துடும். வெளிப்பக்க அடையாளத்தை மறந்துட்டீங்களா? கோட்டுக்கு ரெண்டு பக்கமும் அளந்து தேடுங்க.

தேடுறதுக்கு வெறும் விரலை விடாதீங்க, ரத்தம் வந்துடும். பழைய பருத்தி வேட்டித் துணியைச் சுருட்டி டயரோட உள்பக்கம் முழுக்க ஒரு சுத்து தடவுங்க. கண்ணுக்குத் தெரியாத நுனியில கூட நூல் மாட்டிக்கிட்டு நிக்கும். எனக்கு அப்படி மாட்டுன இடம் ஒண்ணு இல்ல, நாலு! குறடால பிடிச்சு இழுங்க. நுனி பிடிபடலன்னா ஒரு ஊசியால உள்ளேர்ந்து வெளிப்பக்கமா தள்ளிடுங்க.

சரி, இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். உங்க வீட்டு சைக்கிள் டயரை விட டிராக்டர் பின் டயருக்குக் காத்து கம்மியா வேணும், தெரியுமா? காத்தழுத்தத்தை பிஎஸ்ஐ-ங்கிற அளவுல சொல்லுவாங்க. சைக்கிளுக்கு சாதாரணமா 40 பிஎஸ்ஐக்கு மேல. லாரிக்கு 100-ஐத் தாண்டும். நம்ம பின் டயருக்கு வயல் வேலையில பெரும்பாலும் 12-லேர்ந்து 16-க்குள்ளதான். உங்க வண்டிக்குச் சரியான கணக்கு வண்டிப் புத்தகத்துல இருக்கு, முன் டயருக்கு இன்னும் கூட இருக்கும். டயர் எவ்வளவு அழுத்தத்துல இருக்கோ, ஏறக்குறைய அதே அழுத்தத்தைத்தான் மண்ணு மேலயும் போடும். காத்தைக் கல்லு மாதிரி ஏத்தினா மண்ணு இறுகும், சக்கரம் வழுக்கும்.

ஆனா மொத்தமே 12 இருக்கிற டயர்ல 3 குறைஞ்சா கால் பங்கு போச்சு. காத்து கம்மியான டயரோட சேத்துல தொழி உழவு ஓட்டினா, ரிம் முன்னாடி சுத்தும், டயர் பின்தங்கும். உள்ள டியூப்பையும் இழுத்துக்கிட்டுப் போய் வால்வை அடியோட பிச்சுடும். வால்வு ஓட்டைக்குள்ள நேரா நிக்காம சாஞ்சிருந்தா இது ஆரம்பிச்சுடுச்சுன்னு அர்த்தம். அந்த நிமிஷமே வண்டியை நிறுத்துங்க. பிஞ்ச வால்வுக்கு ஒட்டு கிடையாது, புது டியூப்தான். காலையில டயர் ஆறியிருக்கும்போது மீட்டர் வெச்சுப் பாருங்க. 20 டிகிரி சூடேறினாலே 12 இருந்தது 14 கிட்டக் காட்டும்.

இந்தக் காத்து டயரே டிராக்டருக்கு 1932-லதான் வந்தது. அமெரிக்காவுல அல்லிஸ் சால்மர்ஸ் கம்பெனி. அதுவரைக்கும் இரும்புச் சக்கரம், பஞ்சரே கிடையாது!

[திரையில்: பின் டயர், வால்வு உச்சியில்]

பின் டயர்ல எடைக்காகத் தண்ணி நிரப்புறவங்க கவனிங்க. வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, அந்த மட்டம் வரைக்கும் நிரப்பினா முக்கால் பாகம். 8.3-24 அளவு டயருக்கு ஏறக்குறைய 60 லிட்டர், நாலு குடம். பனி உறையுற நாடுகள்ல தண்ணி கட்டியாயிடும்னு சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுற பீட் கிழங்குச் சாறை ஊத்துறாங்க! டயருக்குள்ள கிழங்குச் சாறு, எவ்வளவு அழகான யோசனை! நமக்குத் தண்ணியே போதும். ஓட்டை விழுந்தா ஈரக் கோடு காட்டிக் கொடுத்துடும். ஆனா தண்ணியோட சக்கரத்தைத் தனியாளாக் கழட்டாதீங்க. சாஞ்சா தாங்க முடியாது.

பஞ்சர் தடுப்புத் திரவம்? சின்ன முள்ளு ஓட்டைக்கு உதவும், வால்வு கிழிஞ்சதுக்கு உதவாது. அதை ஊத்துன டியூப்புல ஒட்டு சரியாப் பிடிக்கிறதில்லன்னு கடைக்காரர்கள் சொல்றாங்க. அதனால எனக்கு அது ரெண்டாம்பட்சம்தான்.

முள்ளே இல்லாம மெதுவா இறங்குதா? வால்வு வாயில ஒரு சொட்டு சோப்புத் தண்ணி விடுங்க. முட்டை விட்டா உள்ள இருக்கிற பின்னை இறுக்குங்க, இல்ல மாத்துங்க. சின்னச் செலவுதான்.

எங்க பஞ்சர் கடை அண்ணன்கிட்ட அப்பாவே அந்த நாலு முள்ளையும் கொண்டுபோய்க் காட்டிட்டு, டீ வாங்கிக் கொடுத்துட்டு வந்தாரு. உங்க ஊர்ல டயருக்கு எமன் எது? கருவேலமா, உடைமுள்ளா, நெருஞ்சியா? ஊர் பேரோட கமென்ட்ல எழுதுங்க. மினி டிராக்டர் வெச்சிருக்கிற ஒருத்தருக்காவது இதை அனுப்பிடுங்க.