அங்கணம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி, சென்னை என்னும் பெயர்களில் ஐந்து இலக்கியத் திருவிழாக்களைத் தமிழ்நாடு அரசு நடத்தியது. அவற்றுள் பொருநைத் திருவிழா, 2022ஆம் ஆண்டு நவம்பர் 26, 27 ஆகிய நாள்களில் எங்கள் பாளையங்கோட்டையில் நடைபெற்றது. அப்போது நான் வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. பாடநூலுக்கு வெளியே நான் படித்திருந்த கதைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

முதல் நாள் எனக்கு வியப்பிலேயே கழிந்தது. கோவில்பட்டிக்குப் போகும் வழியில் இடைசெவல் என்ற பெயர்ப்பலகையைப் பேருந்தின் சன்னல் வழியாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தச் சிற்றூரில் பிறந்த கு. அழகிரிசாமிக்கு 1970இலும், கி. ராஜநாராயணனுக்கு 1991இலும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது என்பதையும், திருநெல்வேலியைச் சேர்ந்த தி.க. சிவசங்கரன் 2000இலும் அவருடைய மகன் வண்ணதாசன் 2016இலும் அதே விருதைப் பெற்றார்கள் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். நான் கடந்துபோகும் ஊர்களிலும் தெருக்களிலும் இருந்து எழுதியிருக்கிறார்கள் என்பது, யாரும் எனக்கு அதுவரை சொல்லாத செய்தி.

ஆனால் இன்று நான் பேச விரும்புவது இரண்டாம் நாளில் கேட்ட ஒரே ஒரு சொல்லைப் பற்றி.

வட்டார வழக்கைக் குறித்த உரையாடலின் நடுவே, மூத்த எழுத்தாளர் ஒருவர் அவையிலிருந்த மாணவர்களைப் பார்த்து, உங்கள் வீட்டில் மட்டும் புழங்கும் சொல் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டார். எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர் 'அங்கணம்' என்றார். எனக்கு முகம் சுருங்கியது. பள்ளியில் படித்தபோது கட்டுரை ஒன்றில் நான் அச்சொல்லை எழுதி, அது சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, வகுப்பே சிரித்த நாள் நினைவுக்கு வந்தது. வேறு பகுதி நேயர்களுக்காகச் சொல்கிறேன்: அடுக்களையை ஒட்டி, தரை சற்றுத் தாழ்ந்து, தண்ணீர் வெளியேற ஒரு துளையோடு, ஏனம் கழுவுவதற்கென்று இருக்கும் இடமே அங்கணம்.

எழுத்தாளர் சிரிக்கவில்லை. திருக்குறளில் அவையறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறள் யாருக்காவது நினைவிருக்கிறதா என்று கேட்டார். 720ஆம் குறள், மதிப்பெண்ணுக்காக நான் மனப்பாடம் செய்த குறள்தான் அது. தம் இனத்தவர் அல்லாதார் முன் பேசுவது அங்கணத்தில் சிந்திய அமிழ்தம் போன்றது என்கிறார் வள்ளுவர். 'தூய்மையில்லாத முற்றம்' என்ற உரையைப் படித்துத் தேர்வில் எழுதிய எனக்கு, அந்த அங்கணமும் எங்கள் ஆச்சி வீட்டு அங்கணமும் ஒரே சொல் என்று ஒருபோதும் தோன்றியதில்லை. அந்த உரை தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கணத்தில் பால் கொட்டிவிட்டால், கண் முன்னாலேயே எச்சில் தண்ணீரோடு கலந்து துளை வழியாக ஓடிவிடும் என்பதையும், ஒரு கைகூட அள்ள முடியாது என்பதையும் பார்த்து வளர்ந்தவளுக்கு, அந்தக் குறளின் வலி உரை இல்லாமலே விளங்கும். பள்ளியில் அடிக்கப்பட்ட சொல் திருக்குறளில் இருந்திருக்கிறது.

கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குகளைத் திரட்டி அகராதி ஆக்கியவர். அவர் 2021 மே மாதம் மறைந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்த நேரம் அது. பல்கலைக்கழகப் படிப்பில்லாத ஒரு விவசாயி அந்த வேலையைச் செய்தார் என்று தெரிந்தபோது, எங்கள் வீட்டுச் சொற்களையாவது நான் எழுதி வைக்கலாமே என்று துணிவு வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இரவு வீடு திரும்பியதும் ஆய்வகக் குறிப்பேட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, ஆச்சியின் அருகில் அமர்ந்து, வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் கேட்டேன். தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, மச்சு என்று சொல்லிக்கொண்டே வந்த ஆச்சி, நடுவில் நிறுத்தி, "இதையெல்லாமா எழுதுத, ஏட்டி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் படுக்கப் போய்விட்டார். மறுநாள் காலை நான் கல்லூரிக்குப் புறப்பட்டபோது வாசல்வரை வந்து, இரவெல்லாம் யோசித்ததில் இன்னும் சில சொற்கள் நினைவுக்கு வந்ததாகச் சொல்லி, நோட்டை எடுக்கச் சொன்னார். பேருந்துக்கு நேரமாகியிருந்தது. நின்று எழுதிக்கொண்டுதான் போனேன்.