பழத்துல நீங்க சாப்பிடுறது எந்த அடுக்கு?

[காட்சி: சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய மாம்பழம். கத்தி இறங்குகிறது.]

கத்தி தோலைத் தாண்டி, சதையைத் தாண்டி, கொட்டையில வந்து டக்குன்னு நிக்குது பாருங்க. தோல், சதை, கொட்டையோட ஓடு மூணுமே ஒரே சுவர்தான். பூவுக்குள்ள இருந்த சூற்பை, அதாவது பின்னால பழமா மாறுற பாகம், அதோட சுவர் தடிச்சு, வெளித்தோல், நடுத்தோல், உள்தோல்னு மூணா பிரியுது. விதை? ஓட்டை உடைச்சா உள்ள கிடைக்கிற பருப்பு.

[காட்சி: பக்கத்தில் மட்டையோடு ஒரு தேங்காய்.]

தேங்காயும் மாங்காய் மாதிரி ட்ரூப் வகைதான், அதாவது உள்தோல் கெட்டி ஓடா மாறி விதையை மூடியிருக்கிற பழம். ஆனா இதோட நடுத்தோல் நாரா போயிடுச்சு. மாம்பழத்துல சப்புக்கொட்டிச் சாப்பிடுற அதே அடுக்கு, இங்க கயிறு திரிக்கத்தான் ஆகும்! சிரட்டைதான் உள்தோல். மூணையும் தாண்டி, விதைக்குள்ள இருக்கிற முளைசூழ்தசையைத்தான், அதாவது முளைக்கிற கருவுக்கான சாப்பாட்டைத்தான், துருவி சட்னி அரைக்கிறோம். இளநீரும் அதேதான், திரவமா இருக்கு, அவ்வளவுதான்.

[காட்சி: சீனப் புத்தாண்டு ஆரஞ்சு உரிக்கப்படுகிறது.]

உரிக்கும்போது கண்ணுல பீய்ச்சுற எண்ணெய் வெளித்தோல்ல இருக்கு. வெள்ளைப் பஞ்சு நடுத்தோல். சுளை மேல இருக்கிற சவ்வு உள்தோல். சாறு நிறைஞ்ச அந்தக் குட்டிக் குட்டிப் பைகள், சவ்வோட உள்பக்கத்துல இருந்து வளர்ற ரோமங்கள். வீட்டுல சாப்பிடும்போது இதைச் சொல்லாதீங்க.

[காட்சி: டுரியான் பிளக்கப்படுகிறது.]

எம்ஆர்டி ரயில்ல ஏத்தக்கூடாதுன்னு படம் போட்டு வெச்சிருக்காங்களே, அந்த டுரியான்தான் எனக்குப் பிடிச்ச உதாரணம். இதுல பழச்சுவர் மொத்தமும் முள் ஓடா போய், குப்பைக்குப் போகுது. நாம வழிச்சுத் தின்கிற மஞ்சள் சதை, விதையோட காம்புல இருந்து கிளம்பி விதையை மூடிக்கிற ஒரு தனி உறை. தாவரவியல்ல ஏரில்.

பிரியாணியில போடுற ஜாதிபத்திரியும் ஏரில்தான். ஜாதிக்காய் விதையை வலை மாதிரி சிவப்பா சுத்தியிருக்கும். 19ஆம் நூற்றாண்டுல நம்ம ஆர்ச்சர்ட் ரோட்டுப் பக்கம் ஜாதிக்காய்த் தோட்டங்கள்தான் இருந்துச்சு. நோய் வந்து அழிஞ்சது.

[காட்சி: பிளந்த ஜாதிக்காய், குளோஸ்-அப்.]

இந்தப் பழத்துல எதுவும் வீணாகாது. விதை மசாலாவுக்கு, ஏரில் பிரியாணிக்கு. பழச்சுவரை பினாங்குல சீனிப்பாகுல ஊறவெச்சுக் கடையில விக்கிறாங்க.