சுட்ட கதையா, சுடாத கதையா? ஷேக்ஸ்பியர் மேல் டோல்கீனுக்கு அப்படி என்ன கோபம்!

தோரி, நோரி, ஓரி. ஃபீலி, கீலி. பிஃபூர், போஃபூர், பொம்பூர்.

பெயர்களைக் கேட்டதுமே ‘அட, ஹாபிட் கதையில் வரும் குள்ளர்கள்’ என்று சிலர் சொல்லியிருப்பீர்கள். சரிதான். ஆனால் இந்தப் பெயர்களில் ஒன்றைக்கூட டோல்கீன் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. வோலுஸ்பா என்று ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழிப் பாடல் ஒன்று இருக்கிறது. அதன் பழைய பிரதி 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் குள்ளர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று வருகிறது, பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி. ஹாபிட் கதையில் வரும் 13 குள்ளர்களில் 12 பேர் அங்கிருந்து வந்தவர்கள். பாலின் ஒருவர்தான் வெளியூர்க்காரர்.

இன்னொரு பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கான்டால்ஃப், அதே கதையின் மந்திரவாதி!

(திரையில்: பட்டியல், ‘கான்டால்ஃப்’ மீது வட்டம்)

அந்தப் பெயரைப் பிரித்தால் கோல் ஏந்திய எல்ஃப் (வனதேவதை மாதிரி ஓர் இனம்) என்கிற மாதிரி பொருள் வரும். குள்ளர் கூட்டத்தில் எல்ஃபுக்கு என்ன வேலை, கையில் எதற்குக் கோல்? ஹாபிட்டின் முதல் வரைவில் டோல்கீனும் இதைக் குள்ளர் தலைவனுக்குத்தான் வைத்திருந்தார். மந்திரவாதியின் பெயர் அப்போது பிளடோர்தின். அப்புறம்தான் மாற்றினார். நல்லவேளை. பிளடோர்தின் என்று சட்டையில் அச்சடித்து யார் போட்டுக்கொள்வார்கள்?

டோல்கீன் யார் என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர், பழைய ஆங்கிலம் அவருடைய பாடம், ஹாபிட் 1937, லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் 1954-55. போதும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். மக்பெத் நாடகம் ஞாபகம் இருக்கிறதா? சூனியக்காரிகள் காட்டும் ஆவிகள் அவனுக்கு இரண்டு குறி சொல்கின்றன. பர்னம் காடு நடந்து டன்சினேன் குன்றுக்கு வரும்வரை உனக்குத் தோல்வி இல்லை. பெண்ணுக்குப் பிறந்த எவனாலும் உன்னை ஒன்றும் செய்ய முடியாது. மக்பெத் நிம்மதியாகத் தூங்கப் போகிறான். காடு எங்கே நடக்கப்போகிறது?

நடக்கிறது. எப்படி? எதிரிப் படைவீரர்கள் ஆளுக்கொரு கிளையை வெட்டி, முன்னால் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அவ்வளவுதான்.

பள்ளியில் இதைப் படித்த டோல்கீனுக்குப் பயங்கர ஏமாற்றம். காடு வரும் என்று சொல்லிவிட்டுக் கிளையை ஆட்டிக் காட்டுவதா? மரங்கள் நிஜமாகவே போருக்குப் போகும் ஒரு கதையை உண்டாக்க வேண்டும் என்று அப்போதே ஆசைப்பட்டதாக 1955இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த வெறுப்பிலிருந்து வந்தவைதான் என்டுகள், லார்ட் ஆஃப் தி ரிங்ஸில் நடந்து போய் ஐசன்கார்டு என்ற எதிரிக் கோட்டையைத் தரைமட்டமாக்கும் மரமனிதர்கள். ஒரு பையனின் கோபம் நாற்பது வருஷம் ஆறவில்லை பாருங்கள்!

இரண்டாவது குறிக்கு ஷேக்ஸ்பியர் வைத்த விடை: மக்பெத்தைக் கொல்லும் மக்டஃப், தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன், ஆகவே ‘பிறக்கவில்லை’. சிசேரியன் கணக்கில் வராதாம். டோல்கீனின் கதையிலும் எந்த ஆண்மகன் கையாலும் சாகாத ஒரு பேய் அரசன் உண்டு. அவனை வீழ்த்துவது ஏயோவின் என்ற பெண், கூட ஒரு ஹாபிட், அதாவது குட்டி மனிதன். இதுவும் மக்பெத்துக்கு எழுதிய பதில்தான் என்பது என் கட்சி. வரத்தில் ஓட்டை தேடுவது நமக்கென்ன புதிதா, இரணியன் கதையைக் கேட்டு வளர்ந்த கூட்டம். ஆனால் அந்த விடைகளில் மக்டஃபுடையதுதான் ரொம்பச் சப்பை.

ஷேக்ஸ்பியரை ரொம்பத் திட்டவும் கூடாது. அந்தக் காடு, அந்தக் குறி இரண்டுமே அவர் ஹாலின்ஷெட் என்பவரின் வரலாற்று நூலிலிருந்து எடுத்தவை. ஹாலின்ஷெட்டும் தமக்கு முந்தைய நூல்களிலிருந்து எடுத்தார். சுட்ட பழத்தையே திரும்பச் சுட்டிருக்கிறார்கள்.

சரி, ‘என்ட்’ என்ற சொல்? அதுவும் கடன். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ராட்சதன் என்று பொருள். பழங்கவிதை ஒன்றில் தொலைவில் தெரியும் நகரங்களை வர்ணிக்கும்போது ‘ஓர்தாங்க் என்டா கெவியோர்க்’ என்று வருகிறது. ராட்சதர்களின் திறமையான வேலைப்பாடு என்கிற மாதிரி பொருள். அந்த முதல் சொல்லைக் கவனித்தீர்களா? ஐசன்கார்டின் நடுவே நிற்கும் கோபுரத்தின் பெயர் ஓர்தாங்க்! பழம்பாட்டில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்த இரண்டு சொற்களை எடுத்து, ஒன்றைக் கோபுரமாக்கி, இன்னொன்றை அதன்மேல் படையெடுக்க விட்டிருக்கிறார் மனுஷன். இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

யார் எடுத்தார்கள் என்ற பஞ்சாயத்தில் எனக்கு ஆர்வம் இல்லை, எல்லாரும்தான் எடுத்தார்கள். எடுத்தவருக்கு மூலத்தின் மேல் ஒரு புகார் இருந்ததா என்றுதான் பார்ப்பேன். அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவினுக்கு இருந்தது. மெர்லின், கான்டால்ஃப் என்று எல்லா மந்திரவாதிகளும் ஏன் நரைத்த தாடியோடே வருகிறார்கள்? தாடி முளைப்பதற்கு முன்னால் எங்கே படித்தார்கள்? அந்தக் கேள்வியிலிருந்து 1968இல் மந்திரப் பள்ளியும் செம்பழுப்பு நிறச் சிறுவன் ஒருவனும் வந்தார்கள். ஹாரி பாட்டர் வர இன்னும் 29 வருஷம் இருந்தது. ஹாரி ரசிகர்கள் அடிக்க வராதீர்கள், நானும் உங்கள் ஆள்தான்.

கேம் ஆஃப் த்ரோன்ஸ் எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் புகார் இன்னும் சுவாரஸ்யம். லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் முடிவில் அரகோர்ன் நல்ல அரசனாக ஆண்டான் என்கிறீர்களே, அவனுடைய வரிக்கொள்கை என்ன? இப்படிக் கேட்டவர், இங்கிலாந்தின் யார்க், லங்காஸ்டர் குடும்பச் சண்டையை எடுத்து ஸ்டார்க், லானிஸ்டர் ஆக்கினார். அவர் கதையில் வரும் பனிச்சுவர், ரோமானியர்கள் கட்டிய ஹேட்ரியன் சுவரைப் பார்க்கப் போனபோது தோன்றியது. கிபி 122இல் தொடங்கிய, சில ஆள் உயரக் கல்சுவர் அது. மார்ட்டின் அதை 700 அடிக்கு உயர்த்திவிட்டார். பார்வையிடும் கட்டணமும் கிடையாது.

புகார் எதுவும் இல்லாமல், மோதிரத்துக்குப் பதில் வாள், ஹாபிட்டுக்குப் பதில் இன்னொரு குட்டி மனிதன் என்று 1970களில் இருந்து வந்து குவிந்தவை ஏராளம். அவற்றைப் படித்து நான் தூங்கியிருக்கிறேன், நீங்களும் தூங்கலாம்.

கடைசியாக ஒரு வேடிக்கை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு 1974இல் வந்தபோது அதில் ஹாபிட், என்ட், பால்ராக் என்ற நெருப்புப் பூதம் எல்லாம் அப்படியே இருந்தன. டோல்கீன் உரிமையை வைத்திருந்தவர்கள் வக்கீல் மூலம் கண்ணை உருட்டியதும் பெயர்களை மாற்றினார்கள். என்ட் ‘ட்ரீயன்ட்’ ஆனது, பால்ராக் ‘பாலோர்’ ஆனது, ஹாபிட் ‘ஹாஃப்லிங்’ ஆனது. ஓர்க் என்ற அரக்கர் இனத்தின் பெயர் அப்படியே தங்கிவிட்டது. அது டோல்கீனே பழைய ஆங்கிலத்திலிருந்து எடுத்த சொல், அதற்கு எப்படி உரிமை கேட்பது?

இதில் என்ன கூத்து என்றால், லார்ட் ஆஃப் தி ரிங்ஸிலேயே ஹாபிட்டுகளை அடிக்கடி ‘ஹாஃப்லிங்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் அந்தச் சொல்லும் அவருடையது இல்லை. ஸ்காட்லாந்துப் பேச்சில் அரைவளர்த்திப் பையனைக் கூப்பிடும் பழைய சொல். வக்கீல் என்ன செய்வார், பாவம்!